இரும்பு பேப்ரிகேஷன் காண்ட்ராக்ட்: பட்டறை வெல்டர் ஒப்பந்ததாரராக மாற ஒரு முழுமையான வழிகாட்டி

திருச்சி துவாக்குடி, கோவை குறிச்சி, ஓசூர், அம்பத்தூர் என்று எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் ஒரே மாதிரி ஆட்களைப் பார்க்கலாம். பத்துப் பதினைந்து வருடம் வெல்டராகவோ, துண்டுகளை அளந்து பொருத்தும் பிட்டராகவோ உழைத்துவிட்டு, இனி சொந்தமாக எடுத்துச் செய்யலாம் என்று கிளம்பியவர்கள். அவர்களில் கைத்திறன் குறைவால் நொடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எடை எடுக்கத் தெரியாமல், பேசியதை எழுதி வாங்காமல், பில்லைத் தேதியில் போடாமல் நொடித்தவர்கள்தான் அதிகம். ஆகவே தொழிற்சாலைக் கொட்டகை, பிளாட்பாரம், மாடிப்படி, பைப் தாங்கி போன்ற கட்டமைப்பு இரும்பு வேலையை எடுத்துக்கொண்டு, வேலை கையில் வருவதற்கு முன்பிருந்து பிடித்தம் செய்த பணம் திரும்பி வரும் வரை வரிசையாகச் சொல்கிறேன். மேற்பார்வையாளராக மட்டும் இருக்க நினைப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

படி 1: எங்கே தொடங்குவது

காண்ட்ராக்டில் மூன்று தரம் உண்டு. அடுத்தவர் பட்டறையில், அவர் மிஷினில், அவர் பொருளில் ஆட்களை மட்டும் வைத்துச் செய்வது லேபர் காண்ட்ராக்ட். இரும்பை வாடிக்கையாளர் கொடுக்க, வெல்டிங் ராடு, கேஸ், கிரைண்டிங் சக்கரம், மிஷின் எல்லாம் நாம் போடுவது இரண்டாவது. இரும்பையும் நாமே வாங்கி முடித்துக் கொடுப்பது மூன்றாவது. மூன்றாவதில்தான் லாபம் பெரிது என்று எல்லோரும் அதில் பாய்கிறார்கள். 20 டன் கொட்டகைக்கு விலை பேசிய பிறகு இரும்பு கிலோவுக்கு 3 ரூபாய் ஏறினால் 60,000 ரூபாய் நம் கையை விட்டுப் போகிறது. அதைத் தாங்கும் முதல் சேரும் வரை முதல் இரண்டு தரத்தில் இருப்பதே நல்லது.

அதற்கும் முன்பு, ஏதாவது ஒரு காண்ட்ராக்டரிடம் ஓர் ஆண்டாவது சூப்பர்வைசராக வேலை பாருங்கள். வரைபடம் படிக்கவும், இன்ஸ்பெக்டரிடம் பேசவும், பில் போடவும் அங்கே சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டு, பிட்டர் பிரிவு இரண்டாண்டு. வெல்டராக வந்தவர்களுக்கு வரைபடத்தில் தடுமாற்றம் இருப்பதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம். வெல்டிங்கில் தேர்ச்சிச் சான்று வேண்டுமென்றால் திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மாநிலத்தில் இருப்பவர்கள் அதைப் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

படி 2: எடை

கட்டமைப்பு வேலையில் விலை கிலோவில், பில் கிலோவில், வாகன வாடகை டன்னில், கிரேன் தேர்வும் டன்னில். எடையை இன்னொருவர் போட்டுத் தர வேண்டிய நிலையில் இருப்பவர் காண்ட்ராக்ட் எடுக்கவே கூடாது.

தகடு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. 400-க்கு 400, 20 மி.மீ. கனமுள்ள அடித்தகடு 0.4 × 0.4 × 20 × 7.85, அதாவது 25.12 கிலோ. உருளைக் கம்பி என்றால் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும், 16 மி.மீ. கம்பி 1.58 கிலோ. பைப்புக்கு வெளிவிட்டத்திலிருந்து சுவரின் கனத்தைக் கழித்து, கிடைத்ததைச் சுவரின் கனத்தால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்க வேண்டும். ஆங்கிள், சேனல், பீம் மூன்றுக்கும் அட்டவணை இருக்கிறது. 50-க்கு 50, 6 மி.மீ. ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ.

இவ்வளவு தெரிந்தவர்களும் ஏமாறும் இடம் இரண்டு உண்டு. முதலாவது, அட்டவணை எடையும் எடைமேடை எடையும் ஒன்றாக இருக்காது. ரோலிங் மில்லில் இரண்டு, மூன்று சதவீதம் கூடுவதும் குறைவதும் சாதாரணம். இரும்பை எடைமேடைச் சீட்டுப்படி வாங்கி, பில்லை அட்டவணைப்படி போடும்போது, 20 டன்னில் இரண்டரை சதவீதம் கூடுதலாக வந்திருந்தால் 500 கிலோவுக்கு நாம் பணம் கொடுத்திருப்போம், நமக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது, இணைப்பை வலுப்படுத்த வைக்கும் முக்கோண கசெட் தகடுகள். 250-க்கு 250, 10 மி.மீ. சதுரம் 4.9 கிலோ. அதைக் குறுக்கே வெட்டினால் ஒரு முக்கோணம் 2.45 கிலோ. வாடிக்கையாளரின் பொறியாளர் முக்கோணத்தின் நிகர எடையைத்தான் கணக்கில் எடுப்பேன் என்பார். நாம் சுற்றி வரும் சதுரத்தின் எடையை நினைத்து விலை சொல்லியிருப்போம். இப்படி 300 தகடு இருந்தால் வித்தியாசம் ஏறத்தாழ 735 கிலோ. இரண்டு முறையும் வழக்கத்தில் உள்ளவைதான். எந்த முறை என்பது வேலை ஆணையில் ஒரு வரியாக இருந்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

படி 3: விலை போடுவது

‘மார்க்கெட்டில் கிலோவுக்கு இவ்வளவு போகிறது’ என்று கேள்விப்பட்டதை வைத்து விலை சொல்லாதீர்கள். உங்கள் ஆட்களை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு பிட்டர், இரண்டு வெல்டர், ஒரு கேஸ் கட்டர், ஒரு கிரைண்டர், இரண்டு ஹெல்பர் என ஏழு பேர் குழுவுக்கு நாளொன்றுக்குக் கூலி 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழு நாளுக்கு 700 கிலோ முடித்தால் கூலி கிலோவுக்கு 10 ரூபாய். 500 கிலோதான் முடிந்தால் 14 ரூபாய். ராடு, கேஸ், மின்சாரம், மிஷின் தேய்மானம், வாகனம், தங்குமிடம், சூப்பர்வைசர் சம்பளம் எல்லாம் அதன் மேல். கடைசியில்தான் லாபம்.

வேலையின் தன்மையைப் பொறுத்து அந்த 700 கிலோ தலைகீழாக மாறும். கனமான தூணில் நாளுக்கு ஒரு டன் ஓடிய அதே குழு, கைப்பிடிக் கம்பி வேலையில் 150 கிலோவைத் தாண்டுவதற்கே திணறும். ஆகவே தூணுக்கு ஒரு விலை, கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ்ஸுக்கு ஒரு விலை, மாடிப்படி, ஏணி, கைப்பிடிக்குத் தனி விலை என்று பிரித்தே கொடுங்கள். மொத்தத்துக்கும் ஒரே விலை கேட்கும் வாடிக்கையாளர், பின்னால் தூணைக் குறைத்துக் கைப்பிடியைக் கூட்டினால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

வெல்டின் அளவைப் பார்க்காமல் விலை சொல்வதும் ஆபத்து. மூலை வெல்ட் 6 மி.மீ. என்று இருந்ததை வரைபடத் திருத்தத்தில் 8 மி.மீ. ஆக்கிவிடுவார்கள், பார்ப்பதற்கு இரண்டு மி.மீ.தான். ஆனால் உலோகத்தின் அளவு வர்க்கத்தில் ஏறும்: 36-க்கு 64, அதாவது முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல். மீட்டருக்கு 141 கிராம் உலோகம் நிரப்பிய இடத்தில் 251 கிராம் நிரப்ப வேண்டும். ராடும் நேரமும் அதே விகிதத்தில் கூடும்.

படி 4: வேலை ஆணை

கையெழுத்துப் போடுவதற்கு முன் யார் எதைத் தருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளரின் ஒப்புதலை வாங்குங்கள். மின்சாரம், கிரேன், சாரம், பெயிண்ட், ஆட்களுக்குத் தங்குமிடம், சோதனைக் கட்டணம், காப்பீடு ஒவ்வொன்றுக்கும் நேராக ‘நாங்கள்’ அல்லது ‘நீங்கள்’ என்று இருக்க வேண்டும். இதில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது சோதனைக் கட்டணம். வெல்டில் மேற்பரப்பு விரிசலைக் காட்டும் சாயச் சோதனை செய்வதா, உள்ளே உள்ள குறையைக் காட்டும் மீயொலிச் சோதனை செய்வதா, எத்தனை சதவீதம், தோல்வியடைந்தால் மறுசோதனைக்கு யார் செலவு என்பதெல்லாம் அதிலேயே வரட்டும்.

இரும்பை அவர்கள் தருவதாக இருந்தால் சேதார விகிதம் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை ஒப்புக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் போனால் அபராத விலையில் பிடிப்பார்கள். அந்த அபராத விலை சந்தை விலையைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்றெல்லாம் ஆணையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

வரைபடம் வராமல், கிரேன் வராமல், அடித்தளம் முடியாமல் ஆட்கள் சும்மா இருக்கும் நாளுக்கு என்ன கூலி என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். பணம் தர ஒப்புக்கொள்ளாவிட்டாலும், முடிக்கும் தேதி அந்த அளவுக்குத் தள்ளிப்போகும் என்ற வரியையாவது வாங்கிவிடுங்கள். தாமத அபராதத்திலிருந்து அது காப்பாற்றும்.

பணம் வரும் கட்டங்களில் பேப்ரிகேஷனுக்கு அதிக பங்கு கேளுங்கள். பட்டறையில் முடித்து, பொருள் சைட்டில் இறங்கியதும் 60, 70 சதவீதமாவது பில் போட முடிய வேண்டும். சைட்டில் தூண்களைத் தூக்கி நிறுத்தும் வேலைக்குப் பெரும் பங்கை ஒதுக்கிவிட்டால், அடித்தளம் முடியாத ஒவ்வொரு மாதமும் உங்கள் பணத்தில்தான் அவர்கள் கட்டடம் நிற்கும்.

படி 5: பதிவுகளும் ஆட்களும்

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். முதலில் அதைச் செய்யுங்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பொருளும் உழைப்பும் கலந்த பணி ஒப்பந்தங்களுக்கு இது பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. அதனால் பட்டறையில் செய்து கொடுக்கும் வேலைக்கும், சைட்டில் நிறுத்தும் வேலைக்கும் முடிந்தவரை தனித்தனி ஆணை வாங்குவது நல்லது.

பத்து பேர் வேலை செய்தால் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ., இருபது பேர் என்றால் வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். கட்டாயம். இ.எஸ்.ஐ.யில் நம் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம் 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 பேரிலிருந்து தேவைப்பட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் வரம்பு 50 பேர். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பெரிய ஆலைகள் இ.எஸ்.ஐ., பி.எஃப். எண் இல்லாதவரை வாசலுக்குள் விடுவதில்லை. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உயரத்தில் வேலை செய்யும் ஒருவர் விழுந்துவிட்டால், இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும் குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நேரில் பார்த்தவன் அந்த 3.25 சதவீதத்தைச் செலவு என்று சொல்ல மாட்டான்.

கூலியைக் கிழமை தவறாமல் கொடுங்கள். வங்கிக் கணக்கில் போடுங்கள். இன்று பட்டறைகளில் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பாதிக்கு மேல். அவர்களுக்கும் நம் ஆட்களுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதில் தளர்வு கூடாது. புதிதாக வரும் டிப்ளமோ சூப்பர்வைசர்களுக்கு ஒரு வார்த்தை: இருபது வருடம் பற்றவைத்த மனிதரிடம் ‘அண்ணே, இந்த ஜாயின்ட்டுக்கு எந்தப் பக்கம் முதலில் போடலாம்?’ என்று கேட்டுத் தொடங்குங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு உத்தரவு போட்டால் அவர் சொன்னதை மட்டும் செய்வார். தவறு கண்ணில் பட்டாலும் சொல்ல மாட்டார்.

படி 6: வெட்டுவதற்கு முன்

பீம்கள் பெரும்பாலும் 12 மீட்டர் நீளத்தில் வரும். 6.8 மீட்டர் துண்டுகள் வேண்டியிருக்கும்போது ஒவ்வொரு நீளத்திலும் 5.2 மீட்டர் மிச்சமாகும். அந்த 5.2 மீட்டர் இதே வேலையில் எங்கே போய் உட்காரும் என்று தாளில் முடிவு செய்த பிறகே கேஸ் கட்டர் கையில் டார்ச்சைக் கொடுக்க வேண்டும். இணைப்பு போட அனுமதி உண்டா, எந்த இடத்தில் போடலாம் என்று வடிவமைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நடுவில், அதிக வளைவு விசை வரும் இடத்தில் போட விடமாட்டார்கள். கேஸ் வெட்டு இரண்டு, மூன்று மி.மீ. தின்னும் என்பதையும் மார்க்கிங்கிலேயே கணக்கில் சேருங்கள்.

ஒவ்வொரு துண்டிலும், இரும்பு எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் வார்ப்பு எண்ணை மறுபடி எழுத வேண்டும். மில் சான்றிதழில் இருக்கும் அந்த எண், தகட்டின் ஒரு மூலையில்தான் பெயிண்டில் இருக்கும். அந்த மூலையை வெட்டி எடுத்துவிட்டால் மீதித் தகடு எந்தத் தரம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

படி 7: பொருத்துவதும் பற்றவைப்பதும்

ஒரு நல்ல சூப்பர்வைசர் வெல்ட் முடிந்த பிறகு பார்ப்பதைவிட, துண்டுகளைச் சிறு புள்ளி வெல்டால் பிடித்து வைத்த, டேக் போட்ட நிலையில் அதிக நேரம் பார்ப்பார். டார்ச் விளக்கை இடைவெளியில் காட்டிப் பாருங்கள். முழு ஊடுருவல் வேண்டிய இணைப்பில் இரண்டு, மூன்று மி.மீ. இடைவெளி சரியானது. வெட்டு கோணலாகி பத்து மி.மீ. திறந்திருந்தால், அவசரத்தில் இருக்கும் ஆள் ஒரு துண்டுக் கம்பியை உள்ளே வைத்து மேலே வெல்டால் மூடிவிடுவார். வெளியே பார்த்தால் அழகான வெல்ட். கிரைண்டிங் செய்து பெயிண்டும் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. உள்ளே இரண்டு பக்கமும் உருகாத கோடு ஓடும். பாரம் ஏறும்போது அங்கேதான் கிழியும். இதைச் செய்தவரை அன்றே நிறுத்தி, வெட்டி எடுக்கச் சொல்லி, குழு முழுவதையும் கூட்டி அந்தத் துண்டைக் காட்டுங்கள்.

தகடுகளை இணைத்துச் செய்யும் ஐ-பீமில் கோணல் வராமல் இருக்க, ஒரே பக்கத்தை முழுக்க ஓட்டிவிடக் கூடாது. ஒரு மூலையில் கொஞ்சம், அதற்குக் குறுக்கெதிர் மூலையில் கொஞ்சம் என மாற்றி மாற்றி, சிறு நீளங்களாகப் பின்னோக்கிப் போட்டு வர வேண்டும். பிறகு சூடு காட்டி நிமிர்த்துவதற்கு ஆகும் கூலி, முறையாகப் போட ஆகும் கூடுதல் நேரத்தைவிட எப்போதும் அதிகம்.

7018 என்ற குறை ஹைட்ரஜன் வகை வெல்டிங் ராடு ஈரத்தை இழுக்கும். தயாரிப்பாளர் சொன்னபடி, பொதுவாக 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்து, கையடக்கச் சூட்டுப்பெட்டியில் எடுத்துப்போக வேண்டும். ஐப்பசி மழையில் திறந்து கிடந்த பாக்கெட்டை அப்படியே எடுத்துப் போட்டால், ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டுக்குப் பக்கத்தில் விரிசலை உண்டாக்கும். அது மறுநாள்கூட வெளிப்படலாம்.

சாயங்காலம் மிச்ச ராடுத் துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்க்கச் சொல்லுங்கள். 450 மி.மீ. ராடில் 50 மி.மீ. மிச்சம் நியாயம். 100 மி.மீ. துண்டுகளாகக் கிடந்தால் ராடு செலவில் பதினொரு சதவீதம் கூடுதலாகக் குப்பைக்குப் போகிறது. திட்டாமல் டப்பாவைக் காட்டினாலே ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

படி 8: உயிர் போகும் இடங்கள்

இந்தப் பகுதியில் பேரத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். ஏழு அங்குலச் சக்கரத்தின் அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,500 சுற்று. நான்கு அங்குல மிஷின் 11,000-க்கு மேல் சுற்றும். காவல் தகட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரத்தைச் சின்ன மிஷினில் மாட்டும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. சக்கரம் வெடித்தால் துண்டு நேராக முகத்துக்கும் கழுத்துக்கும்தான் வரும். காவல் தகடு இல்லாத மிஷினை ஸ்டோரிலிருந்து வெளியே விடவே கூடாது.

வெல்டிங் எர்த் கேபிளை வேலைத் துண்டிலேயே, வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் இருக்கும் தூணில் மாட்டினால் மின்சாரம் தனக்குக் கிடைத்த வழியில், சில சமயம் கிரேனின் கம்பிக்கயிறு வழியாகவும் திரும்பும். கயிறு உள்ளுக்குள் கருகியிருப்பது வெளியே தெரியாது. ஒவ்வொரு மின்பெட்டியிலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் வேண்டும். கேஸ் டார்ச்சுகளில் நெருப்பு பின்வாங்காமல் தடுக்கும் வால்வு, வெல்டிங் முடிந்த பிறகும் அரைமணி நேரம் அந்த இடத்தைக் கண்காணிக்க ஓர் ஆள், இரண்டும் கட்டாயம்.

தூக்கி நிறுத்தும் வேலையில், தூண்களை லாரியில் ஏற்றுவதற்கு முன்பே அடித்தள போல்ட்டுகளை நீங்களே அளந்து பாருங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா, மட்டம் சரியா என்று பார்த்து எழுத்தில் கொடுங்கள். முதல் இரண்டு வரிசைத் தூண்களைக் குறுக்குக் கம்பிகளோடு முழுதாகக் கட்டி முடித்த பிறகே அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். கட்டப்படாமல் நிற்கும் தனித் தூண்களை ஆடிக் காற்று சாய்த்துவிடும். ஹைட்ரா கிரேனில் பாரத்தைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஆள் கையால் பிடித்தபடி நடப்பது நம் சைட்டுகளில் அன்றாடக் காட்சி. இதை அடியோடு நிறுத்தி, நீளக் கயிறு கட்டி எட்ட நின்று பிடிக்கச் சொல்லுங்கள். கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்ட மெல்லிய ஒளித் தகடுகள் மேல் கால் வைத்து விழுபவர்கள் அனுபவசாலிகளே; அங்கே பலகைப் பாதையும் உயிர்க்கயிறும் இல்லாமல் ஒருவரையும் ஏற்றக்கூடாது.

படி 9: பில்லும் பணமும்

தினசரி அறிக்கை ஒன்று எழுதி, எத்தனை ஆள், என்ன வேலை, என்ன தடை என்று வாடிக்கையாளரின் பொறியாளரிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லும் கூடுதல் வேலைகளை, ‘நீங்கள் கேட்டுக்கொண்டபடி’ என்று தொடங்கும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது அன்று மாலையே அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பொறியாளர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார்.

ஜி.எஸ்.டி.யில் கவனம் தேவை. மாதக் கணக்குத் தாக்கல் செய்பவர் பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். 10 லட்சம் பில்லில் 18 சதவீதம் என்றால் 1,80,000 ரூபாய் கையிலிருந்து போகிறது. வருமான வரிப் பிடித்தம், தனிநபர் என்றால் 1 சதவீதம், அதைக் கணக்குத் தாக்கலில் திரும்பப் பெறலாம். வேலையில் குறை வந்தால் சரிசெய்வதற்கு உறுதியாக, பிடித்தத் தொகை என்று பில்லில் ஐந்து முதல் பத்து சதவீதம் நிறுத்திவைப்பார்கள். பல சமயம் நம் லாபம் முழுவதும் அதில்தான் இருக்கும்.

ஒரே வாடிக்கையாளரை நம்பியும் இருக்காதீர்கள். 2010-களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது, துவாக்குடி, திருவெறும்பூர் சுற்றுவட்டாரத்தில் கொதிகலன் பாகங்களை மட்டும் செய்துவந்த பட்டறைகள் பல வேலையில்லாமல் முடங்கின. அவர்களின் திறமைக்குக் குறை ஒன்றும் இல்லை. வேலை நன்றாக ஓடும் காலத்திலேயே இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரைத் தேடி வைத்திருங்கள்.

வேலை முடிந்ததும் ஆட்களை அடுத்த சைட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசிக் காகிதங்களை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். இரும்புக் கணக்கு ஒப்படைப்பு, மிச்சத் துண்டுகளும் ஸ்கிராப்பும் திருப்பிய எடைச்சீட்டு, மில் சான்றிதழ்கள், சோதனை அறிக்கைகள், பெயிண்ட் கன அளவுப் பதிவு, முடிந்த நிலை வரைபடம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பிடித்தத் தொகைக்கான காலம் பெரும்பாலும் இந்தக் கோப்பு ஏற்கப்பட்ட நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஓராண்டு என்றால் அந்தத் தேதியைக் குறித்து வைத்து, அதற்கு ஒரு மாதம் முன்பே சைட்டுக்குப் போய், துருவோ தளர்ந்த போல்ட்டோ இருந்தால் சரிசெய்து கொடுத்துவிட்டு, பிடித்தத்தை விடுவிக்கக் கேட்கும் கடிதத்தை அன்றே கொடுத்துவிட்டு வாருங்கள்.